தனியே ஓடியவர் வென்றவரா?

1908-ம் வருஷம் ஜூலை 23-ந் தேதி லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் இறுதி ஓட்டம் நடந்தது. ஓடியோர் நால்வர், பிரிட்டனின் ஹால்ஸ்வெல் ஒருவர் நீங்க ஏனையோர் அமெரிக்கர். கடைசி நேர்வழியில் ஹால்ஸ்வெல் முந்த முயல்கையில், கார்ப்பென்டர் வெளிப்புறமாக விலகி விலகி ஓடி அவருக்கு வழி மறித்தார். நடுவர் ஓட்டம் செல்லாதென்றனர், கார்ப்பென்டரை நீக்கினர். இரு நாள் கழித்து, பாதைகளைக் கயிற்றாற் பிரித்து, மறுபடி ஓடுமாறு பணித்தனர். டெய்லரும் ராபின்ஸும் வர மறுத்தனர். ஹால்ஸ்வெல் தன்னந்தனியே 50 விநாடியில் ஓடித் தங்கம் பெற்றார்.

இதனை வெற்றியெனல் தகுமா? இத்தகைய மறிப்பு அமெரிக்காவிற் குற்றமன்று என்பர் சிலர். இருக்கட்டும், பந்தயம் நடந்தது பிரிட்டிஷ் விதிப்படியன்றோ? அவ்விதிக்கு உட்பட்டே அனைவரும் களம் புகுந்தனர். ஆதலின் தீர்ப்பைப் பிழையென்னோம். ஆயின் நடுவர் யாவரும் பிரிட்டிஷார்! வழக்காடுவோன் வீட்டாரே நியாய பீடத்தில் அமர்ந்தால், நேரிய தீர்ப்பையும் ஊரார் எங்ஙனம் நம்புவர்?

ஹால்ஸ்வெல்மீது நாம் குறை காணோம். அவருக்குப் பதக்கம் உரியதே. வெற்றியென்ற சொல்லை மட்டும் வழங்கத் தயங்குகிறோம். இருவர் காலை ஒப்பிட்டன்றோ வேகம் அறிவது?

டெய்லர் குற்றம் புரிந்தவரல்லர். எனினும் தோழர் பக்கம் நின்றார். அது நட்போ, பிடிவாதமோ? அதே ஒலிம்பிக்கில் தொடரோட்டத்தில் வென்று, தங்கம் பெற்ற முதற் கறுப்பு அமெரிக்கரானார் அவர். அவ்வருஷம் டிசம்பரிலேயே டைபாய்டு ஜுரத்தால் மாண்டார். ஹால்ஸ்வெல் 1915-ல் பிரான்ஸ் போர்முனையிற் சுடப்பட்டு இறந்தார்.