விற்கவும் இல்லை, வீட்டுக்கும் ஆகாது

காகிதக்கூழில் யானை செய்கிறேன் என்றால் எங்கள் ஓரிக்கையில் முதலில் வரும் கேள்வி, "விப்பீங்களா?" இல்லை என்றால் அடுத்தது, "அப்போ குப்பையக் குறைக்கறதுக்கா?" அதற்கும் இல்லை என்று தலையாட்டினால், கேட்டவருக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் கவலை வந்துவிடுகிறது.

முதல் கேள்வியைக் குறை சொல்ல முடியாது. சைக்கிளில் போகிற தூரத்தில், சின்ன காஞ்சிபுரத்தில் பொம்மைக்காரத் தெரு இருக்கிறது. அங்கே காகிதக்கூழ் பிழைப்பு. கூழை அச்சில் அழுத்தி, முன்பாதியையும் பின்பாதியையும் ஒட்டி, வெயிலில் காயவைத்து, வெள்ளை பூசித் தேய்த்து, அப்புறம் வண்ணம். நாலு நாள் மழை பிடித்தால் வேலை நின்றுவிடும். 2019-இல் அத்திவரதர் 48 நாள் காட்சி தந்தார். அந்தப் புரட்டாசியிலேயே அவரும் பொம்மையாகிக் கொலுப்படிகளில் ஏறிவிட்டார்.

இரண்டாவது கேள்விதான் என்னைச் சங்கடப்படுத்துகிறது. அந்தக் காலத்துப் பெண்கள் பழந்தாளை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து ஆட்டுக்கல்லில் அரைத்து முறத்துக்குப் பூசுவார்கள். கவிழ்த்த பானைமேல் அப்பிக் கூடையும் செய்வார்கள். வீட்டுக்குத் தாள் வருவதே அபூர்வம், வந்தது வீணாகாது. இன்று கூரியரில் வந்து குவியும் அட்டைப்பெட்டிகளுக்கு முன்னால் என் யானை எம்மாத்திரம்? பழைய பேப்பர் கடையில் போட்டாலாவது அது மில்லுக்குப் போய் மறுபடி தாளாகும். பெயின்ட் அடித்த என் யானை இனி எதுவாகவும் ஆகாது. பூமியைக் காப்பாற்றுகிறேன் என்று நான் சொன்னால் அது பொய்.

கை மட்டும் கேட்கமாட்டேன் என்கிறது. தினக் காலண்டர் தாள் சீக்கிரம் ஊறும். முட்டை அட்டை இன்னும் உத்தமம், அதுவே கூழில் செய்ததுதானே. கல்யாணப் பத்திரிகை ஆகாது. மேலே பிளாஸ்டிக் பூச்சு, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்தும் மாப்பிள்ளை பெயர் கலையாமல் இருக்கும். பூச்சி அரிக்காமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் போடுவது பழைய வழக்கம். அது விஷம், குழந்தைகள் புழங்கும் வீட்டில் வேண்டாம். தும்பிக்கையை ஒரே மூச்சில் கனமாக அப்பினால் தொங்கிவிடும். மெல்லிசாக ஒரு பூச்சு, அது காய்ந்தபின் அடுத்தது. இடையில் செய்வதற்கு ஒன்றுமில்லை, வெயிலை நம்பிச் சும்மா இருக்க வேண்டும்.

இப்படிச் சும்மா இருப்பதற்குக்கூட நமக்கு இப்போது காரணம் வேண்டியிருக்கிறது. மத்தியானத்துக்குள் மிதிபட்டு அழியும் கோலத்தையே விட்டுவைத்தோமா? எறும்புக்குத் தீனி என்றோம். இப்போது முதுகுக்கு நல்ல உடற்பயிற்சி என்கிறோம். அழகாக இருக்கிறது, போடுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கனவையே காரணமாகச் சொன்னவரும் உண்டு. மெக்சிகோவில் பெத்ரோ லினாரெஸ் காகிதக்கூழில் திருவிழா உருவங்கள் செய்து பிழைத்தவர். 1930-களில் காய்ச்சலில் கிடந்தபோது, எந்தக் காட்டிலும் இல்லாத விலங்குகள் கனவில் வந்தன என்று சொல்லி அவற்றைச் செய்யத் தொடங்கினார். அந்தக் கனவும் பிற்பாடு சந்தைக்குத்தான் போயிற்று.

போகட்டும். ஒன்றுக்கும் ஆகாததைச் செய்துகொண்டிருக்க மாதம் பிறந்தால் கையில் பணம் வர வேண்டும். எனக்கு வருகிறது. அச்சில் கூழ் அழுத்துகிறவரிடம் போய், பயன் பார்க்காமல் செய்வதன் சுகத்தைப் பற்றி நான் பேசினால் அவர் என்னைத் திண்ணையைவிட்டு எழுப்பிவிடலாம், தப்பில்லை. அதனால் வீட்டுக் கொலுவில் என் யானைக்கு இடமில்லை. படிக்கு வேண்டியதை அவர் தெருவிலேயே வாங்குகிறேன், பேரம் பேசாமல்.