பாட்டுக்கு மாலை, பாடியவருக்கு?

"அழியாத பாட்டு" என்கிறார்கள். அழியாமல் காத்தது யார் என்று கேட்டால், "ஆண்டவன் அருள்" என்கிறார்கள். அருள் காத்ததா, ஆள் காத்தாரா? ஆராய்வோம்.

சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' நாடகத்தில் முருகன் வேடம் பூண்டவர் பாடும் பாட்டு 'காயாத கானகத்தே'. செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா பாடினார், கொட்டகை மயங்கிற்று, இசைத்தட்டு அதை ஊரூராய்க் கொண்டு சென்றது. 1933-இல், 27 வயதில், கிட்டப்பா மறைந்தார். பாட்டு மறையவில்லை. 1945-இல் ஏவி. எம்.மின் 'ஸ்ரீவள்ளி' படத்தில் டி. ஆர். மகாலிங்கம் பாடினார். நாடகமே காணாதவர் செவியிலும் அது நுழைந்தது.

புகழ்பெற்ற இந்த இருவரோடு கதை முடிந்ததா? இல்லை. மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை ஆகிய ஊர்களில் நடிகர் சங்கங்கள் எழுந்தன. திண்டுக்கல் சமவெளியின் சிற்றூர்களில் திருவிழா இரவென்றால் ஸ்பெஷல் நாடகம்! ராஜபார்ட் ஓரூர், ஸ்திரீபார்ட் வேறூர், ஆர்மோனியக்காரர் மற்றோரூர். ஒத்திகை கிடையாது. ஓரிரவு கூடுவர், விடியும்வரை நடிப்பர், பிரிவர். அவர்களை ஒன்றாய்ப் பிணைப்பது எல்லாருக்கும் தெரிந்த பாட்டுகளே. ஒருவர் நீட்டிப் பாடுவார், ஒருவர் குறுக்கிப் பாடுவார். பாட்டு கெட்டதா? வளர்ந்தது!

"முருகன் பாட்டு, பகுத்தறிவாளர்க்கு அதில் என்ன வேலை?" என்று தோழர்கள் கேட்கலாம். கதையை நாம் ஏற்கவில்லை, உழைப்பை எண்ணுகிறோம். முன்னோர் மொழிந்ததில் ஓரெழுத்தும் தொடாதே என்போரின் கண்முன்னே, தொட்டுத் தொட்டு வாழ்ந்திருக்கிறது ஒரு பாட்டு. தொடாமல் பூட்டி வைத்திருந்தால் ஏட்டில் கிடந்திருக்கும், நாட்டில் நடந்திராது.

ஆனால், பாட்டுக்கு மாலை சூட்டும் சமுதாயம் பாடியவருக்குச் சூட்டியது என்ன? 'கூத்தாடி' என்னும் வசைச்சொல்! இரவு மேடையில் வள்ளி என்று வணங்கப்பட்ட பெண்ணை, விடிந்ததும் இழிவாகப் பேசும் நாக்கு எத்தனை! பாட்டு வேண்டும், தொண்டை வேண்டாம் என்பது எந்த ஊர் நீதி? கனியைச் சுவைத்துவிட்டு மரத்தின்மேல் கல்லெறிவதன்றோ அது?

பெயர் தெரியாத ஆயிரம் தொண்டைகள் இரவெல்லாம் விழித்து ஒரு பாட்டுக்கு வாழ்வு தந்தன. அவர்களுக்கு நாம் செலுத்தவேண்டியது கைதட்டல் மட்டுமன்று. பேசிய கூலி குறையாமல் வரவேண்டும். நடிக்கும் பெண்ணுக்கு ஊரார் மகளுக்குரிய மதிப்பு வேண்டும். 'கூத்தாடி' என்ற சொல்லை ஏசுவோர் வாயிலிருந்து பறித்து, கலைஞரின் பெருமைப் பெயராக்க வேண்டும்.

பாட்டை வாழவைத்தவர் மனிதர். அந்த மனிதரை வாழவைப்பதே நம் கடமை.