அழுக்கு ஒரு பொருளா?

அழுக்கு தனக்கென இருப்புள்ள பொருளா, அல்லது ஒரு பொருள் கூடாத வடிவில், கூடாத இடத்தில் நிற்கும் நிலையா என்ற கேள்வியில் அத்வைதமும் சைவ சித்தாந்தமும் எதிரெதிர்ப் பக்கம் நிற்கின்றன. அத்வைதத்துக்கு உயிரை மறைப்பது அவித்தை. கயிற்றைப் பாம்பென்று கண்டவனுக்கு விளக்கு வந்தால் போதும். பாம்பை அடித்து வெளியே எறியும் வேலை இல்லை. சித்தாந்தம் இதை ஒப்புவதில்லை. அதன் கணக்கில் ஆணவ மலம் ஒரு சடப்பொருள், நெல்லில் உமி போல உயிரோடு தொடக்கம் இல்லாமலே ஒட்டியிருப்பது. கண்ணில் படலம் வளர்ந்தவன் அது படலம் என்று தெரிந்துகொண்டதாலேயே பார்வை பெறுவதில்லை, மருத்துவன் கத்தியை எடுத்தாக வேண்டும் என்பது ஆகம ஆசிரியர்களின் வாதம். 13ஆம் நூற்றாண்டின் மெய்கண்டார், அறியாமை உயிரைப் பற்றும், இறைவனைப் பற்றாது என்று விளக்கக் கடலையும் நீரையும் உப்பையும் உவமையாக எடுத்தார். உப்பு பற்றுவது நீரை. நீர் தங்கியிருக்கும் பரப்பை அல்ல.

இந்த வழக்கைச் சோதித்துப் பார்க்கத் தோதான இடம் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி. அங்கே அழுக்கை மில்லிகிராம் கணக்கில் அளக்கலாம்.

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துக்கு வடகிழக்கே வான்தீவு, காசுவார், காரைச்சல்லி, விலாங்குசல்லி என்று தீவுகள் தொடங்குகின்றன. 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் இவை தென்கோடித் தொகுதி. (சுண்ணாம்புக்காகப் பவளக்கல்லை வெட்டி வெட்டி, விலாங்குசல்லி இன்று நீருக்கடியில் இருக்கிறது.) பவளம் பொதுவாகச் சத்துக் குறைந்த நீரில் செழிப்பது. பவள உயிரின் கழிவை அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசி அங்கேயே தின்றுவிடுகிறது. பாசி ஆக்கும் சர்க்கரையைப் பவளம் தின்கிறது. கழிவு என்று பெயர் வைக்கும் முன்பே அது உணவாகிவிடும். கண்ணாடித் தொட்டியில் அந்த வசதி பாதிதான் கிடைக்கும். மீனுக்கு நாள்தோறும் தீனி விழுகிறது. மிச்சத்தைக் கொண்டுபோக நீரோட்டம் இல்லை.

விழும் தீனியிலிருந்து இரண்டு சத்துகள் தேங்குகின்றன. இரண்டின் குணமும் வேறு.

முதலாவது நைட்ரஜன். மீன் வெளியேற்றும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும் இன்னொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றும். துளைகள் நிறைந்த கல்லின் உட்புறத்திலோ ஆழமான மணல் படுகையிலோ ஆக்சிஜன் எட்டாத இடத்தில் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிவிடும். காற்றில் 78 விழுக்காடு அதுதான். யாரும் எதையும் அள்ளிக் கொட்டவில்லை. வடிவம் மாறியதும் அழுக்கு அழுக்காக இல்லாமல் போயிற்று. மொனாக்கோவில் ஜான் ஜோபேர் மணலுக்கு அடியில் நீர் நிற்கும் இடைவெளி விட்டு அமைத்த முறை இதை நம்பியது. வினிகரோ வோட்காவோ சொட்டுச்சொட்டாக விட்டு பாக்டீரியாவைப் பெருக்குவது, பெருகியதை அள்ளியெடுக்கும் வேலையையும் சேர்த்துக்கொள்கிறது. நைட்ரஜனைப் பொறுத்தவரை அத்வைதி சொல்வது பெரும்பாலும் செல்லும்.

பாஸ்பேட்டில் செல்லாது. கடல்நீரில் அதற்கு வாயு வடிவம் கிடையாது. எந்த பாக்டீரியாவும் அதைக் காற்றில் விடாது. தீனியோடு வந்தது கல்லில் படிந்து, மாதங்கள் கழித்துக் கசிந்து, பவளம் சுண்ணாம்புக் கூடு கட்டுவதைத் தடுக்கும். இரும்பு ஆக்சைடு மணிகளில் ஒட்டவைத்து மணிகளை மாற்ற வேண்டும், அல்லது பாசியை வளர்த்து அறுத்தெடுக்க வேண்டும். கத்தியை எடுத்தாக வேண்டும் என்ற சித்தாந்தியின் பேச்சு இங்கே எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது.

நீர் மாற்றுவது இரண்டுக்கும் பொது மருந்து என்று தோன்றும். கணக்குப் போட்டால் அதன் எல்லை தெரியும். வாரம் லிட்டருக்கு 5 மில்லிகிராம் நைட்ரேட் சேரும் தொட்டியில் வாரம் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால், மாற்றும் முன் அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராமில் போய் நிற்கும். எத்தனை ஆண்டு மாற்றினாலும் அதற்குக் கீழே இறங்காது.

வடிதுணி இன்னும் ஏமாற்றக்கூடியது. தீனித் துணுக்கும் எச்சமும் அதில் சிக்க, நீர் கண்ணாடிபோலத் தெளிந்துவிடும். ஆனால் சிக்கியது நீரோட்டத்திலேயே இருக்கிறது. இரண்டு மூன்று நாளில் கழற்றி அலசாவிட்டால் அங்கேயே அழுகிக் கரைந்து நைட்ரேட்டாகத் திரும்பிவரும். ஸ்கிம்மர் என்ற கருவி நுண்குமிழிகளில் கரிமப் பொருளை ஒட்டவைத்து, அழுகும் முன்பே பழுப்பு நுரையாகக் குவளையில் சேர்க்கும். அந்தக் குவளையின் நாற்றமே அது தொட்டியை விட்டு விலகியதற்குச் சாட்சி.

அப்படியானால் எல்லாவற்றையும் பூட்டி இரண்டையும் சுழியமாக்கலாமே? பலர் அப்படிச் செய்து தொட்டியை இழக்கிறார்கள். பவளம் வெளிறும், போட்டி இல்லாத இடத்தில் டைனோபிளாஜெல்லேட்டுகள் பழுப்புச் சளியாகப் படரும். லிட்டருக்கு நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 மில்லிகிராம் வரை விட்டுவைப்பதே இன்றைய வழக்கம். முத்தியிலும் மலம் அழிவதில்லை, அதன் ஆற்றல்தான் அடங்குகிறது என்பதும் சித்தாந்தமே. மலத்தை உணவாகக் கொள்ள அது ஒருபோதும் இணங்காது என்பது வேறு. ஒப்புமை அங்கே முடிந்துவிடுகிறது.

மிஞ்சுவது, வெளியேற்றியது எங்கே போகிறது என்பது. இதே மாவட்டத்துக் கழுகுமலையில் 8, 9ஆம் நூற்றாண்டுகளில் சிற்பங்கள் செதுக்கிய சமணர்கள் இதில் கறாரானவர்கள். நீரைத் துணியில் வடிகட்டுவது அவர்கள் மரபில் பாதிக் கடமைதான். துணியில் தங்கிய நுண்ணுயிர்களை எடுத்த நீர்நிலையிலேயே கொண்டு விடுவது மறுபாதி. வெளி என்று ஓர் இடம் அவர்களுக்கு இல்லை. தூத்துக்குடி வீட்டில் ஸ்கிம்மர் குவளையைச் சாக்கடையில் கவிழ்த்தால், பக்கிள் ஓடை வழியாக அந்த பாஸ்பேட் மன்னார் வளைகுடாவுக்கே போய்ச் சேரும். தொட்டியின் தூய்மை வான்தீவுப் பவளத்தின் கணக்கில் எழுதப்படும்.

இதனால் இக்கரையில் முறையைத் தேர்வது சற்று மாறுகிறது. பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. பூங்காவிலிருந்து, பாக்டீரியா ஏற்கெனவே குடியேறிய உயிர்க்கல் எடுக்க முடியாது. நைட்ரஜன் வேலைக்குச் சுட்ட மண் கல்லில் பாக்டீரியா குடியேற மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பாஸ்பேட்டுக்கு, ஸ்மித்சோனியனில் வால்டர் ஏடி வகுத்த பாசித்தட்டு முறை இரும்பு மணிகளை விட ஏற்றது. அறுத்தது கையில் கிடைக்கிறது. எந்தப் பாசி என்பதில் கவனம் வேண்டும். வளர்ப்புக்குக் கொண்டுவந்த கப்பாபைகஸ், குருசடைத் தீவில் பவளத்தின் மேலேயே படர்ந்தது 2008இல் பதிவாயிற்று. தட்டில் தானாக முளைக்கும் உள்ளூர்ப் பாசியே போதும். வாரம் ஒருமுறை சுரண்டியெடுத்து, நல்ல தண்ணீரில் அலசி உப்பைப் போக்கி, தென்னை மூட்டில் போடலாம். பாஸ்பேட் அங்கே உரம்.