ஞாயிற்றுக்கிழமைப் படம்

உல்லாசக் கப்பலில் போய்வந்த மச்சான் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். ஹொங்கொங்கில் கப்பல் நின்றது ஒரே ஒரு பகல். பழைய விமான ஓடுபாதையின் மேல் 2013இல் திறந்த கைடாக் முனையம், விக்டோரியா துறைமுகம், 1888இலிருந்து மலையேறும் ட்ராம் என்று படங்கள் ஓடின. பிறகு, எச்.எஸ்.பி.சி. வங்கித் தலைமையகத்தின் கீழுள்ள திறந்தவெளியில் காட்போட் மட்டை விரித்து அமர்ந்திருக்கும் பெண்கள்.

"சனத்தப் பாருங்க மச்சான்!" என்று சிரித்தார்.

அன்று ஞாயிறு. அவர்கள் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த பணிப்பெண்கள். இந்தோனேசியப் பெண்கள் விக்டோரியா பூங்காவில் கூடுவார்கள். மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுப் பணியாளர்கள் அந்நகர வீடுகளில் வேலை செய்கிறார்கள். எசமானின் வீட்டிலேயே தங்கவேண்டும் என்பது விதி. வாரத்தில் ஒருநாள் ஓய்வு. மூடிக்கொள்ளச் சொந்தக் கதவில்லாதவர்கள் அந்த ஓய்வைத் தெருவில்தான் கழிக்க வேண்டியிருக்கிறது. சாப்பிடுவதும் தலைவாருவதும் ஊருக்கனுப்பப் பெட்டி கட்டுவதும் அங்கேதான்.

பொது இடம்தானே, பார்த்தால் என்ன பிழை? கேள்வி நியாயமானதே. முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது அதைவிட மோசம் என்றுகூட நினைக்கிறேன். ஆனால் பக்கத்து வீட்டுக்குள்ளும் குரல் கொடுத்துவிட்டுத்தானே நுழைகிறோம். மட்டை விரிப்புக்கு மட்டும் வாசல் இல்லையா? மச்சானுக்குக் கிடைத்ததும் ஒரு பகல், அவர்களுக்கும் ஒரு பகல்தான். ஒருவரின் ஓய்வு மற்றவருக்குக் காட்சியாகிவிட்டது.

என் வகுப்பிலும் சில பிள்ளைகளின் உம்மாமார் குவைத்தில் இருக்கிறார்கள்.

படத்தை அழிக்கும்படி நான் சொல்லவில்லை. பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன். முன்வரிசையில் ஒருத்தி கையால் முகத்தை மறைத்திருந்தாள்.