திறன்னுவின் கூடத்தில் மத்தியான வேளை

(தென்னேரியில் வாலிபர் ஐக்கியக் கூடுகையில் அளித்த செய்தி)



எபேசுவுக்கு வந்த பவுல் முதலில் ஜெப ஆலயத்துக்குத்தான் போனார். மூன்று மாதம் அங்கே பேசினார். சிலர் எல்லார் முன்னிலும் இழிவாகப் பேச ஆரம்பித்ததும் சீஷர்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறி, திறன்னு என்பவனுடைய வித்தியாசாலைக்குப் போனார். அங்கே இரண்டு வருஷம், அதுவும் தினந்தோறும் பேசினார். அப்போஸ்தலர் நடபடிகள் 19-ம் அதிகாரம். வீட்டுக்குப் போய் நிதானமாக வாசியுங்கள்.

பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் கூடுதலாக ஒரு குறிப்பு உண்டு: ஐந்தாம் மணி முதல் பத்தாம் மணி வரை. நம் கணக்கில் பகல் 11 முதல் 4 வரை. வெயிலுக்குப் பயந்து ஊரே சாப்பிட்டுப் படுக்கிற நேரம். யாருக்கும் வேண்டாத நேரம் என்பதால்தான் கூடம் அவருக்குக் கிடைத்தது போலும். தன் கையால் உழைத்துச் சாப்பிட்டவர் அவர். வேலை முடிந்த களைப்போடுதான் அங்கே வந்து நின்றிருப்பார்.

இப்போது நம் நாட்டு மாணவர் ஊழியத்துக்கு வருவோம். இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கம் 1912-இல் பிறந்தது. கத்தோலிக்க மாணவர்களின் ஐக்கஃப் 1924-இல். சுவிசேஷ மாணவர்களின் யூ.இ.எஸ்.ஐ. 1954-இல். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-இல் ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்குப் போனபோது விடுதி வாழ்க்கையே கல்வியில் பாதி என்று நம்பினார்கள். மாலையில் ஜெபக்குழு, ராத்திரியில் வேதபாடம், லீவில் முகாம். அந்த நாளைக்கு அது சரி.

ஆனால் நம் பிள்ளைகளில் விடுதியில் இருப்பவர்கள் எத்தனை பேர்? அய்யம்பேட்டைப் பக்கம் ஒரு நெசவாளர் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா தறியில். மகள்தான் அந்த வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவள். அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. அது பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் சரியாகப் போய்விடும். விடிந்ததும் டிபன் பாக்ஸோடு வாலாஜாபாத் பஸ்ஸைப் பிடிக்கிறாள். இருட்டிய பிறகு வந்து அம்மாவோடு உட்கார்ந்து தார் சுற்றுகிறாள். இரண்டு பேப்பர் அரியர். கேம்பஸ் இன்டர்வியூவில் இங்கிலீஷில் கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளுமே என்ற பயம் வேறு. அவளைத்தான் நாம் ஞாயிற்றுக்கிழமை, 'ஜெபக்கூட்டத்துக்கு ஏம்மா வரல?' என்று கேட்கிறோம்.

காலத்துக்கேற்ப மாறுவது என்றால் சிலருக்கு டிரம்ஸும் கலர் லைட்டும் வாங்குவது. வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பவுல் மாற்றிக்கொண்டது நேரத்தையும் இடத்தையும். அதற்குக் காசு ஆகாது, ஆனால் நம் சௌகரியம் போகும். அதனால்தான் அந்தப் பக்கமே நாம் போவதில்லை.

பஸ்ஸில் போகிற முக்கால் மணி நேரம் அவளுடையது. மத்தியானச் சாப்பாட்டு நேரமும் அவளுடையது. அந்த வழியில் போகிற ஒரு அக்கா கூட உட்கார்ந்து, அரியர் பேப்பரைப் பற்றி முதலில் விசாரிக்கட்டும். கணக்குத் தெரிந்தவர்கள் கணக்குச் சொல்லிக் கொடுங்கள். பக்கத்தில் இருக்கும் இந்துத் தோழியும் முஸ்லிம் தோழியும் அதே கணக்கில்தான் தடுமாறுகிறார்கள்; அவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள், முடிந்ததும் கையில் துண்டுப் பிரதியைத் திணிக்காதீர்கள். ஒரு பிள்ளை ராத்திரி 11 மணிக்கு, 'அண்ணே, மனசு சரியில்ல' என்று மெசேஜ் போட்டால் வசனத்தை ஃபார்வேர்ட் செய்துவிட்டுத் தூங்காதீர்கள். போன் போட்டுப் பேசுங்கள்.

ஆராதனை முடிந்ததும் ஐக்கியப் பொறுப்பாளர்கள் என்னைப் பார்க்கவும். கல்லூரி போகிற பிள்ளைகள் எந்த பஸ்ஸில், எத்தனை மணிக்குப் போகிறார்கள் என்று எழுதி எடுத்து வாருங்கள்.