வேண்டுதலும் நம்பிக்கையும்

நோயுற்ற காலத்தில் கடவுளை வேண்டாத குடும்பம் நம்மவருள் அரிது. பத்துமலைக்குக் காவடி நேர்ந்துகொள்வோரும், மாரியம்மனுக்குப் பாற்குடம் ஏந்துவோரும், வீட்டில் விளக்கேற்றி வாய் திறவாது கண்ணீர் விடுவோரும் கேட்பது ஒன்றே: நோய் தீர வேண்டும். தீர்ந்துவிட்டால் "அவன் அருள்" என்கிறோம். தீராவிடில் என் சொல்வது?

இக்கேள்விக்கு நம் ஜனங்களிடையே வழங்கும் விடை மிகக் கொடியது. "நேர்த்தியில் குறை இருந்திருக்கும், பக்தி போதவில்லை, முன்வினை விடவில்லை" என்று, பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறோம். இழந்தவளையே குற்றவாளியாக்கும் இவ்வழக்கம் பக்தியின் பெயரால் நடைபெறுவது பெரும் வெட்கக்கேடு.

ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சர் தொண்டைப் புற்றால் வருந்தி 1886-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ல் உடல் நீத்தார். ரமண மகரிஷி கையில் தோன்றிய கட்டிக்காக 1949-ல் பலமுறை ரண சிகிச்சை செய்யப்பெற்றும், 1950-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ல் மறைந்தார். அன்பர்கள் அழுது வேண்டியும் அந்நோய்கள் விலகவில்லை. இவ்விருவரிடத்தும் பக்தி போதவில்லை என்று கூற யாருக்கு நாவெழும்?

நமது நாட்டையே பார்ப்போம். காடழித்துத் தோட்டம் போட்ட காலத்தில் மலேரியாக் காய்ச்சல் நம்மவரைக் கூட்டங்கூட்டமாக வாரிக்கொண்டது. அவர்கள் வேண்டாமலா மாண்டார்கள்? 1897-ல் செகந்தராபாத்தில் டாக்டர் ரொனால்டு ராஸ் அக்காய்ச்சலின் கிருமியைக் கொசுவின் வயிற்றிற் கண்டார். 1901-ல் டாக்டர் மால்கம் வாட்சன் கிள்ளானில் சதுப்பு நிலங்களுக்கு வடிகால் வெட்டச் செய்தார். தேங்கிய நீர் வடிந்தது, கொசு குறைந்தது, ஊரிற் சுரம் வெகுவாகத் தணிந்தது. அம்முறை பின்னர்த் தோட்டங்களுக்கும் பரவிற்று. வடிகால் வெட்டிய ஊரிற் பக்தி திடீரெனப் பெருகிற்று என்று ஒருவரும் சொல்லார். நோயின் காரணம் தேங்கிய நீரில் இருந்ததேயன்றித் தாயின் நெஞ்சில் இருக்கவில்லை.

"அந்த வைத்தியர் வாயிலாகக் கடவுள் செவி சாய்த்தார்" என்பர் சிலர். அவ்வாறே ஆகுக. ஆயினும் வடிகால் வெட்டுமுன் மாண்ட குழந்தையின் தாய்க்கு அது ஆறுதலாகுமா? "என் பிள்ளை ஏன்?" என்னும் அவள் கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. இருப்பதுபோல் நடிப்பது பொய். கடவுளின் பெயரால் சொல்லப்படும் பொய்யோ மற்றெல்லாப் பொய்யினும் இழிந்தது.

விடை அறியாமலும் நம்பலாமோ எனின், நம்பலாம் என்பதே நம் துணிபு. நேர்த்திக்கடனைச் செலவிலும் சுகத்தை வரவிலும் எழுதிச் சரிபார்ப்பது பேரேட்டுக்குத் தகும், அன்புக்குத் தகாது. காய்ச்சலிற் கிடக்கும் குழந்தை, தாய் அதனைத் தணிக்காத போதும் அவள் மடியைவிட்டு இறங்குவதில்லை. அம்மடியில் அழுகிறது, கோபிக்கிறது, ஆயினும் அங்கேயே கிடக்கிறது. நம்பிக்கை என்பது அத்தகையது. கடவுளிடம் அழுவதும், "ஏன்" என்று கேட்பதும் நம்பிக்கைக்கு விரோதமாகா.

ஆகவே, நோயாளிக்குத் தாமதியாது மருந்து கொடுப்போம், வேண்டுதலையும் விடோம். பறிகொடுத்த வீட்டிற்குச் செல்லுங்கால் வினையைப்பற்றி உபதேசியாதிருப்போம். அவ்வீட்டில் அன்று அடுப்பெரியாது. நம் வீட்டிற் கஞ்சி காய்ச்சி எடுத்துச் சென்று, அவர்கள் உண்ணும் வரை அருகில் அமர்ந்திருப்போம்.