மூலமும் பிரதியும்

ஓவிய விமர்சகர் பெர்னார்ட் பெரென்ஸன் தம் வாழ்நாளெல்லாம் திரட்டிய புகைப்படங்கள், புளோரன்ஸ் நகருக்கு அண்மையிலுள்ள அவருடைய ஐ தாத்தி மாளிகையில் இலட்சக்கணக்கில் இன்றும் பேணப்படுகின்றன; அவற்றுள், மூலச் சித்திரம் எங்கே போயிற்று என்று அறியமுடியாதவற்றின் படங்களை 'வீடற்றவை' என்று அவர் தனியே வகுத்தார். ஸாஸெத்தா என்னும் சித்திரக்காரர் போர்கோ ஸான் ஸெபோல்க்ரோ என்ற ஊரின் பிரான்சிஸ்கன் துறவிகளுக்காக 1444இல் தீட்டி முடித்த பீடச் சித்திரம் பிற்காலத்தில் பலகை பலகையாகப் பிரிந்து, ஏழு பலகைகள் லண்டனிலும், ஒன்று பிரான்சின் ஷாந்தியி அரண்மனையிலும், மூன்று பெரென்ஸன் மாளிகையிலேயுமாகச் சிதறிக் கிடக்க, அவற்றை ஒரே மேசைமீது ஒன்றுசேர்த்துக் காணும் வசதியைப் புகைப்படமே அளித்தது. ஆயினும் இத்தகைய படங்களின் பின்புறத்தில் ஓவியர் பெயரும் உடைமையாளர் பெயரும் எழுதப்பட்டனவேயன்றி, அச்சித்திரத்தின்முன் மெழுகுவர்த்தி ஏற்றியவர்கள் வேண்டிக்கொண்டது இன்னதென்று எவரும் எழுதவில்லை.

இலங்கையின் சப்ரகமுவையிலுள்ள கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் ரப்பர்த் தோட்டங்களில், விடியுமுன் பால்வெட்டப் புறப்படும் பெண் தன் லயக்காம்பராவின் (தோட்ட வரிசைக் குடியிருப்பு அறையின்) சுவரிலுள்ள முருகன் படத்தைக் கும்பிடும்போது, மூலம் எங்கே என்ற கேள்வியே எழுவதில்லை. அப்படத்திலுள்ள ஒளிநிழல் வித்தை ஐரோப்பிய எண்ணெய்ச் சித்திரத்திலிருந்து ரவிவர்மா வழியாகவும், கோவில்பட்டி கொண்டையராஜு போன்றோர் தீட்டிய நாட்காட்டிப் படங்கள் வழியாகவும் வந்தது என்பதை அறிவதால் அவளுடைய பக்தி கூடப்போவதுமில்லை, குறையப்போவதுமில்லை. கோயிலில் கல், பிரதிஷ்டையும் கும்பாபிஷேகமும் பெற்ற பின்னரே மூர்த்தியாகிறது என்று ஆகமம் விதிக்க, சிவகாசி அச்சுக்கூடத்தில் ஆயிரக்கணக்கில் அடித்த காகிதம் எந்த மந்திரமுமின்றித் தெய்வமாவது எங்ஙனம்? சாந்நித்தியம் பொருளில் இல்லை, அடியவனை நாடிவரும் அருளில் உள்ளது என்று சைவ சித்தாந்தி விடை சொல்வான். அவ்விடை சரியெனின், பிரதிக்கும் மூலத்துக்கும் இடையே நாம் வகுக்கும் பேதம் அறிஞர் வசதிக்காக ஏற்பட்டதே.

இதே சப்ரகமுவையின் பலாங்கொடைப் பகுதியில், 1904இல், தோரியனைட் கனிமத்தைக் கண்டெடுத்த ஆனந்த குமாரசுவாமி, பின்னாளில் போஸ்டன் நூதனசாலையில் பணியாற்றிக்கொண்டே, கலைப்பொருள்கள் காட்சிக்கன்றி உபயோகத்துக்காகவே ஆக்கப்பட்டவை என்று வாதாடினார். (1908இல் வெளியான அவருடைய மத்தியகாலச் சிங்களக் கலை நூலுக்கு அவர் மனைவி எதெல் எடுத்த புகைப்படங்கள் துணைநின்றதை நினைத்தால், சேகரிப்பை அவரும் வெறுக்கவில்லை என்பது புலப்படும்.) அவர் வாதம் பாதியளவே பொருந்தும் என்பது என் எண்ணம்; பேணாத பொருள் அழிந்துபோகும். கறையானும் மழை ஒழுக்கும் உபயோகத்தைப் பொருட்படுத்துவதில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இந்தியாவுக்குக் கப்பலேறிய தோட்டக் குடும்பங்கள் விட்டுச்சென்ற சுவர்களை எவர் படம்பிடித்து வைத்தார்?

இனியேனும் எவரேனும் அதற்கு முற்படுவாராயின், பெரென்ஸன் முறை உதவாது. ஒரே அச்சில் வந்த முருகன் பத்துக் காம்பராக்களில் தொங்கினால், ஓவியர் பெயர்வாரியாக அடுக்குபவனுக்கு அது ஒரு படமும் ஒன்பது மிகைப்பிரதிகளுமே. காம்பராக்களில் குடியிருப்போருக்கோ ஒவ்வொன்றும் தனித்தனி நேர்த்திக்கடனுக்கு உரியது. ஆகையால் பத்தையும் படம்பிடித்து, எந்த லயம், எந்தக் குடும்பம், எப்போது, என்ன வேண்டுதலுக்காக மாட்டப்பட்டது என்பதை அவர்களையே கேட்டு முதலில் குறித்துக்கொண்டு, கொண்டையராஜுவின் பெயரைக் கடைசி வரியில் எழுதலாம்.